சுண்ணாம்பு படித்தால் சோறு கிடைக்குமா?

கேள்வி: ப்ளஸ் டூ முடித்த என் மகன், பழைய கோயில், மாளிகைகளைச் சீரமைக்கிற வேலையைத்தான் படிப்பேன் என்கிறான். எங்கே சேர்ப்பது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: காரைக்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, மரபுக் கட்டடக்கலையைப் பட்டப்படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள். அதற்கு முன், லீவில் ஒரு மாதம் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் யாரிடமாவது அனுப்புங்கள். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பதற்குள் கை காய்த்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொரிந்து உதிரும். இதையெல்லாம் பார்த்த பிறகும் படிப்பேன் என்றால், சரி, விண்ணப்பம் வாங்குங்கள்.