தருமபுரியிலிருந்து கடலோரமாக நான்கு நாள் கார்ப் பயணம்: எந்த வழியில், எந்த மாதத்தில் செல்லலாம்?

அரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: சொந்தக் கார், நான்கு நாள் விடுப்பு, உடன் வயதான பெற்றோரும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும்; கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டிச் செல்லும்படி ஒரு வழி வேண்டும், எந்த மாதம் கிளம்பலாம் என்றும் தெரிய வேண்டும். கிருஷ்ணகிரியில் வசிப்பவன், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும், அதில் பயணம் செய்யும் நேரத்தில் பெரும்பகுதி கடல் கண்ணில் படாது. சாலைக்கும் அலைக்கும் நடுவே சவுக்குத் தோப்பும் மீனவக் குப்பங்களும் உப்பளங்களும் கழிமுகங்களும், இப்போது விடுதிகளின் மதிற்சுவர்களும் வந்துவிடுகின்றன. ஆகவே எந்தச் சாலையில் போகிறோம் என்பதைவிட, அந்தச் சாலையிலிருந்து எங்கெங்கே கிழக்கே திரும்புகிறோம் என்பதுதான் திட்டத்தின் உயிர். இதனால்தான் வடக்கிலிருந்து தெற்காகச் செல்லுங்கள் என்கிறேன்; அப்படிச் சென்றால் கடல் உங்கள் இடப்பக்கம் இருக்கும், எதிரே வரும் பேருந்துகளைக் குறுக்கிடாமல் நினைத்த இடத்தில் திரும்பிக்கொள்ளலாம். இன்னொன்று, வரைபடச் செயலியில் சேருமிடத்தை மட்டும் கொடுத்தால் அது விரைவான வழியைத் தேடி உங்களை உள்நாட்டு நெடுஞ்சாலைக்கோ புறவழிச்சாலைக்கோ அனுப்பிவிடும். திரும்ப வேண்டிய ஒவ்வொரு ஊரையும் இடைநிறுத்தமாகப் பதிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

நம் பக்கத்திலிருந்து கடலுக்குச் செல்ல, வேலூர், காஞ்சிபுரம் வழியாக மாமல்லபுரத்தில் இறங்கலாம். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணத்திலும் இறங்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அரூரிலிருந்து நீங்கள் ஊத்தங்கரைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகவே திருவண்ணாமலையை அடையலாம். வேலூர்ச் சாலையின் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரை நாளைச் செலவிட்டுவிட்டு, அந்தக் களைப்போடு மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்ப்பதில் பயனில்லை. அந்த ஊருக்கென்றே தனியாக ஒரு முறை செல்லுங்கள்.

விடியற்காலையில் கிளம்பினால் திருவண்ணாமலையில் சிற்றுண்டி முடித்துவிடலாம். ஆனால் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பௌர்ணமியன்றும் கார்த்திகை தீபத்தை ஒட்டியும் அந்த ஊரைக் காரில் கடப்பது ஒரு நாள் வேலை. செஞ்சியில் சாலையே கோட்டை மலைகளுக்கு நடுவே செல்கிறது. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றுதான். உங்கள் பெற்றோரால் ராஜகிரியில் ஏற முடியாது. கீழே உள்ள கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு வந்து சேரும்போது நிலத்தின் நிறமே மாறியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் உப்பளங்கள். வரப்பு கட்டிய சிறு பாத்திகளில் நீர் கண்ணாடிபோல் நிற்க, நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருப்பார்கள். குவியல்களை மழைக்குப் பயந்து கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடியிருப்பார்கள். ஓரமாக வண்டியை நிறுத்தி, வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் நடந்து பாருங்கள். நெல் வயலின் வரப்பை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உப்பு விளையும் வயல் எந்தக் கடற்கரையைவிடவும் நினைவில் நிற்கும். அங்கிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கே கடற்கரைச் சாலையில் மாலையானதும் வாகனங்களை விடமாட்டார்கள் என்பதால் அதற்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுங்கள். பெற்றோருக்கு அதுவே பெரிய வசதி. கரையில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். உட்காரலாம், குளிக்கக் கூடாது.

மறுநாள் கடலூருக்குள் நுழையும் முன் தென்பெண்ணையாற்றுப் பாலம் வரும். நம் கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூரையும் தாண்டி வந்த அதே ஆறு, இங்கேதான் கடலில் சேர்கிறது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாலத்தில் எல்லாரும் சன்னலைத் திறந்து பார்ப்பார்கள். அன்றைய முக்கியமான இடம் பிச்சாவரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் இடையில் அமைந்த அலையாத்திக் காடு இது. விசைப்படகு அகலமான நீர்வழியோடு நின்றுவிடும். துடுப்புப் படகு எடுத்தால்தான், சுரபுன்னையின் வேர்கள் இரு கரையிலிருந்தும் வளைந்து நீருக்குள் இறங்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையலாம். அங்கே பேச்சைக் குறைத்தால் நீர்க்காகமும் கொக்கும் பறக்காமல் பக்கத்திலேயே நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே கிளைகளை ஒடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் படகு, மாலையில் நடராசர் கோயில், இரவு சிதம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாளில் கொள்ளிடப் பாலத்தைக் கடந்து சீர்காழி, அங்கிருந்து பூம்புகார். ஒகேனக்கல்லில் பாறையை அறைந்து விழும் காவிரியைப் பார்த்துப் பழகிய நமக்கு, பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரி வியப்பைத் தரும். கோடையில் அது வாய்க்கால் அளவுக்கே இருக்கும். முக்கொம்பிலேயே வெள்ளம் கொள்ளிடத்துக்குப் பிரிந்துவிடுகிறது, மீதியைக் கிளையாறுகளும் வாய்க்கால்களும் வயலுக்கு வாங்கிக்கொள்கின்றன. ஆறு முழுவதும் பயன்பட்டு முடிந்த இடம் அது. இரவுத் தங்கலைத் தரங்கம்பாடியில் வைத்துக்கொள்ளுங்கள். 1620ஆம் ஆண்டு டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. சந்தடி குறைந்த ஊர். விடியலில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பெற்றோர் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். என் கருத்தில் இந்தப் பயணத்தின் சிறந்த இரவு இதுதான். ஐந்தாம் நாள் ஒன்று கிடைத்தால் மட்டும் வேளாங்கண்ணி, வேதாரண்யம் கடந்து கோடியக்கரை வரை செல்லுங்கள். குளிர்காலத்தில் பூநாரைகளும், எப்போதும் வெளிமான்களும் அங்கே உண்டு.

இராமேசுவரத்தையும் இதில் சேர்க்க முடியுமா என்று யாராவது கேட்பார்கள். முடியாது. தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை செல்லும் சாலையில் இருபுறமும் கடல் என்பது உண்மை, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் காட்சியும் ஒருவேளை அதுதான்; ஆனால் அதற்கு சேலம், மதுரை வழியாக நேரே செல்லும் தனிப் பயணம் பொருந்தும். மேற்குக் கரையில் மரவந்தேயில் ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் சௌபர்ணிகா ஆறுமாகச் சாலை செல்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு, மங்களூரு வழியாக அது எளிது, உங்களுக்குச் சற்றே தூரம்.

மாதத்தைப் பொறுத்தவரை சனவரிப் பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை என்பதே என் பரிந்துரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையைத்தான் தாக்கும். பள்ளி விடுமுறையான மே மாதத்தில் வெயில் ஒரு பக்கம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்னொரு பக்கம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு கொண்டுவரும் மீன்தான் கிடைக்கும், விலையும் கூடியிருக்கும். வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலும், அதற்கு முந்தைய நாட்களிலும் பாதயாத்திரை செல்பவர்கள் சாலையோரம் கூட்டங்கூட்டமாக நடப்பார்கள் என்பதால் இரவில் வண்டி ஓட்டவே வேண்டாம். அறுவடைக் காலத்தில் டெல்டாவில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் அடித்தால் சக்கரம் வழுக்கும்.

கடலில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஆற்றிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்களுக்கு நம் ஊரில் ஒரு துணிச்சல் உண்டு. கரைக்கு வந்து திரும்பும் அலையின் இழுப்பு அந்த நீச்சலுக்கு அடங்காது. முழங்கால் அளவுக்கு மேல் யாரும் போகவேண்டாம், உள்ளூர் மீனவர்கள் வேண்டாம் என்று கைகாட்டும் இடத்தில் கால்கூட நனைக்க வேண்டாம். மணலுக்குள் காரை இறக்குவதையும் தவிருங்கள்.

திரும்பும் வழி மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல், சேலம். ஏறத்தாழ முந்நூற்று எழுபது கிலோமீட்டர் என்பதால் காலை எட்டு மணிக்குள் தரங்கம்பாடியை விட்டுக் கிளம்பிவிடுங்கள், தஞ்சைப் பெரிய கோயிலைச் சேர்த்துக்கொள்ளும் ஆசையை அடக்குங்கள். விபத்துக்குப் பேர்போன தொப்பூர்க் கணவாயில் நீங்கள் ஏறுமுகமாக வருவீர்கள். இறக்கம்தான் அங்கே மோசம் என்றாலும், சரக்கு லாரிகள் ஊர்ந்து ஏறும்போது பின்னால் பொறுமையாக வர வேண்டியிருக்கும், அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் இருட்டிவிட்டால் ஊத்தங்கரைச் சாலையைப் பிடித்து மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்கு வரலாமே என்று தோன்றும். வளைவுகள் நிறைந்த அந்தக் காட்டுச் சாலையைப் பகலில் மட்டும் தேர்ந்தெடுங்கள், இரவானால் தருமபுரி சுற்றியே வாருங்கள்.