சேலம் நாவலின் வில்லன் குறித்து

2070ஆம் ஆண்டுச் சேலத்தை ஒரு சுரங்க நிறுவனமே ஆள்வதாக நீங்கள் எழுதும் நாவலில், நிறுவனத் தலைவர் நாடக வில்லனாகத் தெரிகிறார் என்று நண்பர்கள் குறை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தந்த இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். அவர்கள் சொல்வது சரியே.

துப்பாக்கிக் காவலர்களை நீக்கிவிட்டு, அதிகாரத்தைக் காகிதத்தில் காட்டுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பெருந்திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புடன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும்; அதற்கு மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். உங்கள் உலகிலும் அந்தக் கூட்டம் தவறாமல் நடக்கட்டும், ஆனால் தலைமை நாற்காலியில் நிறுவன மேலாளர் அமர்ந்திருக்க, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு முந்தின நாளே தட்டச்சாகி, கையொப்பமிடுவோருக்கு மட்டும் குடிநீர்ச் சீட்டு கிடைக்கட்டும். எவரையும் அடிக்காமலேயே அச்சம் வந்துவிடும்.

இன்னொன்று, கரும்புகை. (எல்லா எதிர்காலக் கதைகளிலும் அதே புகைதான்!) வெள்ளைக்கல்லை (மேக்னசைட் தாது) சூளையில் சுடும் ஊரில் கூரையிலும் இலையிலும் படிவது வெண்தூசி. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்த வரலாறும் உண்டு. அந்த முறையில் எரிசோடா கலந்த செஞ்சேறு மிஞ்சும். உங்கள் நிறுவனத்துக்கு அந்தச் சேற்றுக் குளத்தைக் கொடுங்கள்.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் இறங்குவதால், மேலாளர்களை ஏற்காட்டிலும் தொழிலாளரை ஆற்றின் கீழ்க்கரையிலும் குடிவைத்தாலே வர்க்க வேறுபாடு விளங்கிவிடும். மூன்றாம் பக்கத்து விளக்கவுரையை அப்படியே வெட்டிவிடலாம்.