கார் கண்ணாடியை ஏற்றியிருந்தும் கன்னச் சிவப்பு கூடுவது ஏன்?

கண்ணாடியை ஏற்றி ஏசியில் ஓட்டியும் லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) சிவப்பு கூடுகிறது என்றீர்களே, வழி அந்தப் பக்கக் கண்ணாடிதான். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடி அடுக்குக்கு நடுவில் படலம் வைத்தது, வெயிலில் உள்ள யுவி-ஏ என்ற புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுக்கும். பக்கக் கண்ணாடி பல கார்களில் அப்படியில்லை. சூடே தெரியாமல் கதிர் உள்ளே வரும்.

இரண்டு வாரம், தினமும் ஒரே வெளிச்சத்தில் இரு கன்னத்தையும் படமெடுங்கள். காரணம் கண்ணாடிதான் என்றால், ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள காரில் ஜன்னலோரமான வலக்கன்னம் கூடுதலாகச் சிவக்கும்.

எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், முகம் கழுத்துக்கு இரண்டு விரல் நீளம், கிளம்ப 15 நிமிடம் முன்னால். இரண்டு மணிக்கொருமுறை மறுபடி. பொட்டளவு தடவினால் அந்த 50 வெறும் எண்தான்.

லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல், கால்வீக்கம், நுரைத்த சிறுநீர் என ஏதாவது சேர்ந்தால் விஷயம் தோலோடு நிற்காமல் இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.