குவாங்சோவில் வேலை கிடைத்திருக்கிறதா? முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, மோல்டு டிசைனில் ஆறு வருட அனுபவம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் ஒரு கம்பெனி மாதம் 22,000 யுவான் சம்பளம் தருவதாகச் சொல்கிறது. 'இப்போதைக்கு பிசினஸ் விசாவில் வந்து சேருங்கள், மீதியை இங்கே வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். நம்பி வரலாமா? வந்தால் முதல் மாதம் என்னென்ன செய்யவேண்டும்? கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது, மனைவியை எப்போது அழைத்துக்கொள்ளலாம்?"

பிசினஸ் விசாவில் வராதீர்கள் தம்பி. 'எம்' (M) விசா என்கிற அது சரக்கு பார்க்க, பேரம் பேச, கண்காட்சிக்கு வர. அதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியில் தினமும் போய் உட்கார்ந்தால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உங்களுக்கு, நிலைமை மோசம் என்று அவர்கள் நினைத்தால் 5 முதல் 15 நாள் காவல், அதற்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேற்றுவதும் உண்டு. கம்பெனிக்கும் ஆளுக்கு 10,000 யுவான் அபராதம் உண்டுதான், ஆனால் அவர்கள் அதைக் கட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடிக்கொள்வார்கள். "வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிற கம்பெனிகளில் பாதிக்கு வெளிநாட்டவரை வேலைக்கு வைத்து அனுபவமே இருக்காது, மீதிக்கு அனுபவம் இருக்கும், மனசு இருக்காது. வேலை அனுமதியில் ஏ, பி என்று வகுப்பு பிரிப்பார்கள்; உயர்மட்டத் திறமையாளர்கள் என்று ஏ வகுப்பில் வருகிறவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. நீங்கள் பட்டமும் இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவமும் காட்டி பி வகுப்பில் வரப்போகிறவர். உங்கள் வழி வேலைக்கான இசட் (Z) விசாதான். கம்பெனி சீனாவில் விண்ணப்பித்து வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்பவேண்டும், அதைக் காட்டி இந்தியாவில் இசட் விசா எடுக்கவேண்டும். இதற்கு அவர்கள் மழுப்பினால் அதுவே உங்களுக்குப் பதில்.

அந்தக் கடிதம் வாங்க, சான்றளித்த பட்டச் சான்றிதழும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே சான்றை உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்கும் ஏற்பாடு) சேர்ந்துவிட்டது, ஆகவே ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று ஏஜென்ட் சொல்வார். மற்ற பல நாட்டவருக்கு அது சரி. ஆனால் சீனா சேர்வதற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால் இரு நாடுகளுக்கிடையே அந்த உடன்படிக்கை செல்லாது. நமக்குப் பழைய வழிதான்: மாநில அரசின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு சீனத் தூதரகம். பட்டச் சான்றிதழை இப்போதே அனுப்பிவிடுங்கள். நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் எடுங்கள், ஏனென்றால் அது வாங்கிய ஆறு மாதத்துக்குள் இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி, பட்டம் எங்கோ தேங்கி நிற்க நன்னடத்தை காலாவதியாகி மறுபடி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதா? பட்டச் சான்றிதழில் 'எஸ். செந்தில்குமார்' என்று இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் சுப்பிரமணியம்' என்று அப்பா பெயர் விரிந்தும் இருக்கிறதா? ஊரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று நம் தாசில்தார் அலுவலக வாசலில் நிற்கிறவருக்கும் தெரியும். சீன அதிகாரிக்குத் தெரியாது. அவருக்கு அது இரண்டு ஆட்கள். வேலை அனுமதி விண்ணப்பத்திலேயே இந்தக் கேள்வி வரும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எடுத்து, அதற்கும் அதே மூன்று இடத்துச் சான்று வாங்கவேண்டி வரலாம். பாஸ்போர்ட் முடிய இரண்டு வருடத்துக்குள்தான் இருக்கிறது என்றால், விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்து, குடும்பப்பெயர் கட்டத்தையும் நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்பது என் யோசனை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சீன நகரத்தில் உங்கள் வாழ்க்கை ஒரு சங்கிலி. பாஸ்போர்ட்டில் இருந்து போன் நம்பர், போன் நம்பரில் இருந்து வங்கிக் கணக்கு, வங்கிக் கணக்கில் இருந்து வீசாட், அலிபே என்கிற பணம் செலுத்தும் செயலிகள், அதிலிருந்து மெட்ரோ, ரயில் டிக்கெட், சாப்பாடு, கரண்ட் பில், எல்லாம். ஒவ்வொரு கண்ணியிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி பொருந்தவேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன் கடையில் இருந்த பெண் என் பெயரை இரண்டு சொல்லாக, நடுவில் இடைவெளி விட்டு அடித்தார். வங்கியில் இருந்தவர் பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் அந்த அம்புக்குறி வரியைப் பார்த்து, இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக அடித்துவிட்டார். எனக்குத் தெரியாது. வீசாட்டில் கார்டை இணைக்கப் போனால் 'தகவல் பொருந்தவில்லை' என்று மட்டும் வரும், எந்தத் தகவல் என்று சொல்லாது. மூன்று வாரம் ரொக்கம் வைத்துக்கொண்டு திரிந்தேன். காய்கறிக்காரப் பாட்டி நூறு யுவான் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சில்லறை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசியில் அந்த வங்கியிலேயே ஒரு மூத்த ஊழியர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது.

அதனால் வங்கியிலும் போன் கடையிலும் வேலை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். "என் பெயர் உங்கள் கணினியில் எப்படிப் பதிவாகியிருக்கிறது, அச்சடித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் அந்தப் போட்டோவைக் காட்டி "இதே மாதிரி" என்று சொல்லுங்கள். அவர்கள் எரிச்சல்பட மாட்டார்கள், பெரும்பாலும் அவர்களே நாலு தடவை சரிபார்ப்பார்கள்.

சரி, வந்து இறங்கியதும் வரிசை. ஏப்ரல் நடுவிலும் அக்டோபர் நடுவிலும் குவாங்சோவின் பெரிய வணிகக் கண்காட்சியான கான்டன் கண்காட்சி தொடங்கும், அப்போது ஓட்டல் வாடகை கண்டபடி ஏறும், முடிந்தால் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். தங்குமிடத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதியவேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். வீடு என்றால் நீங்கள்தான் அந்தப் பகுதி காவல் நிலையத்துக்கு, அதாவது பாய்ச்சுசுவோவுக்கு, வீட்டு ஒப்பந்தமும் உரிமையாளரின் பத்திர நகலும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் போடலாம். பணத்தைவிடப் பெரிய தலைவலி, அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பது. வீடு மாறினாலும், பாஸ்போர்ட் மாறினாலும், விசா மாறினாலும் மறுபடி போய்ப் பதியவேண்டும்.

இறங்கிய மறுநாளே சிம் கார்டு வாங்கிவிடுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடையில் வேண்டாம், போன் கம்பெனியின் பெரிய கிளையில் போய் உங்கள் பாஸ்போர்ட்டில் வாங்குங்கள். அலுவலக நண்பர் "என் பெயரில் ஒன்று சும்மா இருக்கிறது" என்று கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடுங்கள், அந்த நம்பரை வைத்து வங்கிக் கணக்கு திறக்க முடியாது. அவசரம் எதற்கு என்றால், மருத்துவப் பரிசோதனை, பிறகு நாட்டுக்குள் வந்த 15 நாளுக்குள் வேலை அனுமதி விண்ணப்பம், வந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதி விண்ணப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியாகச் சொன்னதற்குப் பாஸ்போர்ட்டையே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். இரண்டு மூன்று வாரம் வரை அது உங்கள் கையில் இருக்காது. ரசீதைக் காட்டி ரயிலில் போகலாம், ஆனால் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது, பல கவுன்டர்களில் அதை ஏற்கவும் மாட்டார்கள். அந்த நாட்களில் ஊரில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் சில வாரத்துக்கு அலிபேயில் இந்திய வங்கியின் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துச் சமாளிக்கலாம். 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 3% பிடிப்பார்கள். பரவாயில்லை, தற்காலிகம்தானே. ஒன்று மறந்துவிடாதீர்கள், கார்டுக்கு வரும் ஓடிபி உங்கள் இந்திய நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.

அந்த சிம்முக்கு இன்னொரு பயனும் உண்டு. சீனாவில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், இன்ஸ்டா எதுவும் வராது. இந்தப் பக்கம் இந்தியா 2020 ஜூனில் வீசாட்டைத் தடை செய்துவிட்டது. ஆக உங்கள் கையில் இருப்பது அம்மாவிடம் இருக்காது, அம்மாவிடம் இருப்பது உங்கள் கையில் இருக்காது. வெளிநாட்டு சிம்மின் ரோமிங் டேட்டா அந்த சிம்மின் சொந்த நாட்டு வலையமைப்பு வழியாகப் போவதால் வாட்ஸ்அப் அதில் வேலை செய்யும். செலவு கொஞ்சம் பிடிக்கும். வீட்டில் இருபுறமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம் போதும். விபிஎன் பற்றிக் கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். அரசு அனுமதித்த இணைப்பு தவிர மற்றவை சட்டப்படி கூடாது, அபராதம் கட்டியவர்கள் உண்டு. பலரும் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. கம்பெனிக்கு அனுமதி பெற்ற சர்வதேச இணைப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சம்பளக் கணக்கை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் அதிர்ச்சி வேண்டாம். 22,000-த்தில் சமூகக் காப்பீட்டுக்கு உங்கள் பங்காகச் சுமார் 10% போகும், 2,200 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 வரிவிலக்கு. மிச்சம் 14,800-க்குத்தான் வரி. ஆனால் வரியை ஆண்டு முழுக்கச் சேர்த்துச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்: முதல் 36,000 வரை 3%, அதற்கு மேல் 1,44,000 வரை 10%, அதற்கு மேல் 20%. அதனால் ஜனவரியில் வரி வெறும் 444 யுவான், நவம்பரில் 2,960. ஆண்டுக் கடைசியில் "சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று கணக்காளரிடம் சண்டைக்குப் போனவர்களில் அடியேனும் ஒருவன். சராசரியாகக் கையில் 18,250 வரும். வாடகைக்கு ஒரு பங்கைத் தனியே பிரித்து, ரசீது காட்டினால் வரியில்லாமல் தரும் சலுகை வெளிநாட்டவருக்கு 2027 முடிய இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள். போட்டபின் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்ப வரி கட்டிய சான்றும் ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டும் வங்கிக்குக் கொண்டுபோகவேண்டும். அவை இல்லாமல் ஒரு நாளைக்கு 500 டாலர் அளவுக்குத்தான் மாற்ற முடியும். இதனால்தான் "சம்பளத்தில் பாதியைக் கையில் தருகிறோம், வரி மிச்சம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்கிறேன், வரி கட்டாத பணத்தை வீட்டுக்கு முறையாக அனுப்ப முடியாது.

வீட்டுக்கு இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்த்துக் கேட்பது இங்கே வழக்கம், ஆக முதல் நாளே மூன்று மாதக் காசு கையில் வேண்டும். வெளிநாட்டவரைப் போலீஸில் பதிய உரிமையாளர் சம்மதிக்கிறாரா, வாடகைக்கு ஃபாபியாவ் என்கிற வரி ரசீது தருவாரா என்று இரண்டையும் முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். தரைத்தளம் மட்டும் வேண்டாம். பிப்ரவரி மார்ச்சில் ஹுய்நான்தியென் என்று ஒன்று வரும், தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து சுவரெல்லாம் வியர்த்து ஒழுகும், துவைத்த சட்டை நாலு நாளானாலும் காயாது. நம் ஊர் ஐப்பசி அடைமழையில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

வேலையை விடும்போது, அல்லது அவர்கள் விடச் சொல்லும்போது, லிஜி ஜெங்மிங் என்ற விலகல் சான்று வாங்காமல் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதுவும் பழைய வேலை அனுமதி ரத்தான தாளும் இல்லாவிட்டால் அடுத்த கம்பெனி உங்களை எடுக்க முடியாது. முப்பது நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். விசா சந்தேகம் எதுவானாலும் 12367-க்குக் கூப்பிடுங்கள், குடிவரவுத் துறையின் எண், ஆங்கிலத்தில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

மனைவி விஷயம். உங்கள் வசிப்பு அனுமதி கைக்கு வந்தபின் குடும்பத்தினருக்கான எஸ்1 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். திருமணப் பதிவுச் சான்றிதழுக்கும் அதே மூன்று இடச் சான்று வேண்டும், அதனால் பட்டச் சான்றிதழோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள், இரட்டைச் செலவு மிச்சம். அந்த விசாவில் அவர் வேலை பார்க்க முடியாது, அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்கு அவர் கவலைப்படவேண்டாம், டாவ்பாவ் என்கிற இணையக் கடையில் செடியாகவே விற்கிறார்கள், குவாங்சோ வெயிலுக்கு பால்கனியில் நன்றாகவே வளர்கிறது.

அவர் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, திருமணச் சான்றில் எப்படி, உங்கள் பாஸ்போர்ட்டில் எப்படி, பட்டச் சான்றிதழில் எப்படி என்று நாலையும் இடைவெளி, புள்ளி உட்பட உள்ளபடியே தட்டச்சு செய்து எனக்கு அனுப்புங்கள். போட்டோ வேண்டாம், எழுத்து மட்டும் போதும்.