சண்டை குறைவு, பேச்சு அதிகம்

கேள்வி: ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கூட்டாகக் கதையை நகர்த்தும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் சண்டையைவிடப் பாத்திரமாகவே மாறிப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். அதே ரசனையுள்ள ஆட்களை எப்படிச் சேர்ப்பது?
- வாசகி, கோவை

பதில்: தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிடாதீர்கள் சகோதரி. நான் முதல் தடவை 9 பேரைச் சேர்த்தேன். ஒருத்தி தன் பாத்திரத்தின் செத்துப்போன அண்ணனைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருக்க, எதிரே ஒருவர் 20 முகப் பகடையை உருட்டிக்கொண்டே "சண்டை எப்போ?" என்றார். மூன்றாம் வாரமே குழு கலைந்தது. அவர்மேல் தப்பில்லை, 1974-ல் வந்த இந்த ஆட்டமே போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்ததுதான். நான்தான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

4 பேர் போதும். அழைக்கும்போதே 'பேச்சு அதிகம், சண்டை குறைவு, ஞாயிறுதோறும் 3 மணி நேரம்' என்று சொல்லிவிடுங்கள். பிறகு ஒரே கேள்வி: "உங்கள் பாத்திரம் யாரிடம் பொய் சொல்லியிருக்கிறது?" கண் விரியப் பதில் சொல்பவரை விடாதீர்கள், விதிகளைப் பிறகு கற்றுக்கொள்வார். முதல் நாள் ஆடாமல், கதையில் எதெல்லாம் வரவே கூடாது என்று பேசி முடிவெடுங்கள்.

கூச்சப்படுகிறவரை அவசரப்படுத்த வேண்டாம். என் குழுவில் இரண்டு மாதம் வாயே திறக்காதவர்தான், ஒரு நாள் அரக்கனிடம் கைகூப்பிக் கெஞ்சி எங்கள் எல்லோரையும் அழவைத்தார்.