தக்காளிக் கூடையும் சங்கராப் பெட்டியும்

அன்புள்ள சார்,

சென்னை காசிமேடு துறைமுகத்தில் மீனவர்கள் படும் கஷ்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எழுத்து நன்றாக இருந்தது, விஷயத்தைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் மீன் வாங்குகிறவன். போன வாரம் வஞ்சிரம் கிலோ ஆயிரத்து இருநூறு சொன்னான், சங்கரா நானூற்று ஐம்பது. இந்த விலைக்கு விற்கிற பொருளைப் பிடிக்கிறவன் எப்படி சார் கஷ்டப்படுவான்? மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் உட்காரவைத்து அரசாங்கம் பணம் தருகிறது. டீசலுக்கு வரி கிடையாது. எங்கள் மண்டிக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிக்கு யார் என்ன தருகிறார்கள்?

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளம் வந்தால்தான் பாலாற்றில் தண்ணீர் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம். நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? கடைசியாக ஒரு சந்தேகம்: தடைக்காலத்தில் வருகிற மீனை நம்பி வாங்கலாமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கோபமெல்லாம் இல்லை. என் கட்டுரையில் அலைச் சத்தம் அதிகமாகவும் கணக்கு குறைவாகவும் இருந்தது உண்மை. மண்டியில் கணக்கு எழுதுகிறவரே கேட்டுவிட்டதால் இந்தத் தடவை கணக்கைச் சொல்கிறேன்.

சம்பந்தத்தை முதலில் முடித்துவிடலாம். ஐஸும் லாரியும் வருவதற்கு முன்பு நம் பக்கத்துக்குக் கடல் கருவாடாகத்தான் வந்தது. என் பாட்டி வாரச் சந்தையில் நெத்திலியும் சென்னாக்குன்னியும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதை எந்தக் குப்பத்தில் யார் காயவைத்தார்கள் என்று பாட்டியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பாலாற்றை வேறு இழுத்துவிட்டீர்கள். 2021 நவம்பரில் கரை தெரியாமல் ஓடிய வெள்ளத்தைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோமே, அந்தத் தண்ணீர் கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் பக்கம்தான் கடலில் போய்ச் சேர்ந்தது. நம் தோல் பதனிடும் ஊர்களின் கழிவும் அதே வழியில் போயிருக்கும். சரி, அது வேறு கட்டுரை.

விலைக்கு வருவோம். உங்களுக்கு வந்த சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால்தான் ஒரு சனிக்கிழமை இரவு நம் ஊர் மீன் வியாபாரி ஒருவரின் மினி லாரியில் ஏறிக்கொண்டேன். பத்தரை மணிக்குக் கிரீன் சர்க்கிள் தாண்டினோம். நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். காசிமேட்டில் இறங்கும்போது மணி இரண்டு ஆகவில்லை, ஆனால் அங்கே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். ஐஸ் பாரை உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போயிருந்தேன். மீன் தண்ணீரில் ஊறி, வீடு திரும்பியதும் என் மனைவி அதை வாசலோடு நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பிப் பல படகுகள் சனி இரவே வந்துவிடுகின்றன. துறைமுகத்தில் இடம் போதவில்லை. கரையில் கட்டிய படகோடு இன்னொன்று, அதோடு இன்னொன்று என்று வரிசையாக அணைத்துக் கட்டியிருக்கிறார்கள். கடைசிப் படகில் இருப்பவர் நாலைந்து படகு தாவித்தான் கரைக்கு வர முடியும், அதுவும் தலையில் மீன் பெட்டியோடு. நான் வெறுங்கையோடு ஒரு படகு தாவிப் பார்த்தேன். இரண்டாவதற்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் படகில்தான் டிரைவரைப் பார்த்தேன். விசைப்படகை ஓட்டுபவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும். "வேலூரா? அங்க ஏது கடலு?" என்று சிரித்தார். உங்கள் கேள்வியேதான். பதினோரு நாள் தங்கல் முடித்து வந்திருந்தார்கள். தங்கல் என்றால் கரைக்குத் திரும்பாமல் கடலிலேயே தங்கி வலை இழுப்பது. எட்டுப் பேர், ஒரு அடுப்பு, கேன் தண்ணீர். கழிப்பறை என்று ஒன்று கிடையாது, படகின் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலையை ஏற்றி இறக்குவதால் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் யாரும் தூங்கியிருக்கவில்லை. அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். விரல் மடிகிற இடமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி வெள்ளையாக இருந்தது. கட்டை விரலின் அடியில் கருப்பாக ஒரு புள்ளி. கெளுத்தி முள் குத்தி ஒடிந்தது உள்ளேயே தங்கிவிட்டதாம். எடுக்கவில்லையா என்று கேட்டேன். "எப்ப எடுக்கிறது?" என்றார்.

அப்புறம் ஏலம். சங்கராவைப் பெட்டி பெட்டியாகத் தரையில் கொட்டினார்கள். ஏலக்காரர் ஒரு தொகை சொல்லி ஆரம்பித்தார், நான்கு பேர் ஏற்றினார்கள், முடிந்துவிட்டது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்கள். நம் வியாபாரிக்கு விழுந்தது கிலோ நூற்று எண்பது கணக்கில். அந்த நேரம் முழுக்க டிரைவர் பின்னால் கை கட்டி நின்றிருந்தார். பதினோரு நாள் பிடித்த மீனுக்கு இவ்வளவு வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை.

இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. விதைக்கும் உரத்துக்கும் உங்கள் மண்டியில் முன்பணம் வாங்கியவர் தக்காளியை வேறு மண்டிக்குக் கொண்டுபோக முடியுமா? அங்கேயும் அப்படித்தான். படகுக்கு என்ஜின் மாற்றவும் வலை வாங்கவும் பல உரிமையாளர்கள் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கொடுத்தவர் கையால்தான் ஏலம் நடக்கும், கமிஷனும் அவருக்கு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விலை சரியில்லை என்று தெரிந்தால் தக்காளிக்காரர் ஒரு நாள், இரண்டு நாள் காயைச் செடியிலேயே விட்டுவைக்கலாம். பதினோரு நாள் ஐஸில் கிடந்த மீனை எதில் விட்டுவைப்பது?

நூற்று எண்பது வேலூருக்கு வந்து நானூற்று ஐம்பது ஆனதில் திருடன் யாரும் இல்லை. பெட்டிக் கூலி, ஐஸ், லாரி வாடகை, ஸ்ரீபெரும்புதூரிலும் வாலாஜாவிலும் சுங்கம், உருகிய ஐஸோடு போன எடை, மதியத்துக்கு மேல் விற்காத கழிவு, கடை வாடகை. வாலாஜா தாண்டி ஒரு பஞ்சர் வேறு. நம் வியாபாரியும் அன்றைக்கு அள்ளிக்கொண்டு போய்விடவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் கடையில் கேட்கிற விலையை வைத்துப் படகில் இருப்பவரின் சட்டைப்பையை எடை போடாதீர்கள்.

படகில் யாருக்கும் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், அரிசி, கமிஷன் எல்லாம் கழித்து மிஞ்சுவதில் படகுக்கும் வலைக்கும் பெரிய பங்கு போகும். மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதினோரு நாளுக்குச் சாதாரண ஆளின் கைக்கு வந்தது நாலாயிரத்துச் சொச்சம். மீன்பாடு இல்லாத பயணத்தில் செலவுக்கே கட்டாது, அப்போது பங்கு என்ற பேச்சே வராது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி குறைவாகவாவது உறுதியாக இருந்தது. இங்கே ஆயிரம் தடவை வலை இழுத்தாலும் இவ்வளவு என்று சொல்ல ஆள் இல்லை.

நீங்கள் நினைக்கிற பணக்காரர் காசிமேட்டில் இல்லாமல் இல்லை. நாலு படகு வைத்திருப்பவர், ஏற்றுமதிக்கு இறால் எடுப்பவர் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை.

அரசாங்கப் பணத்துக்கு வருகிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். மீன் இனப்பெருக்கக் காலம், தடை வேண்டியதுதான், மீனவர்களே அதை மறுப்பதில்லை. நிவாரணம் ஐயாயிரமாக இருந்து எட்டாயிரமாக உயர்ந்திருக்கிறது. குடும்பத்துக்கு எட்டாயிரம், தலைக்கு இல்லை. 61-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் வரும் 4,500-இல் 1,500 அவரே மாதாமாதம் கட்டியது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றீர்கள். அந்த இரண்டு மாதமும் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது, வலை பொத்துவது என்று வேலை நடக்கும். உரிமையாளருக்குக் கடன் ஏறுகிற காலமே அதுதான்.

டீசலுக்கு விற்பனை வரி விலக்கு உண்டு. விசைப்படகுக்கு வருடத்துக்கு 18,000 லிட்டர் என்று இருந்தது, 19,000 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு தங்கலுக்கே இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் ஆகிறது என்றார் டிரைவர். வருடத்தில் பத்து மாதம் கடலுக்குப் போகிற படகுக்கு இது எத்தனை பயணம் வரும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வரி இல்லை என்றால் டீசல் இலவசம் என்று அர்த்தமும் இல்லை.

விவசாயிக்கு யார் தருகிறார்கள் என்று கேட்டீர்கள். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமும், பிரதமர் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு ஆறாயிரமும் உங்கள் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது. போதாது என்றால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

கணக்கில் வராத இரண்டு விஷயங்கள். ஒன்று, பெண்கள். விடியப்போகும் நேரத்தில் ஏலக்கூடத்தின் ஓரத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, வலையில் சேர்ந்து வந்த பொடிமீன் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காரப்பொடி ஒரு பக்கம், நண்டுக் குஞ்சு ஒரு பக்கம், தீவனத்துக்குப் போகிற குப்பை ஒரு பக்கம் என்று விரல் நிற்காமல் பிரித்துக்கொண்டிருந்தார். கூலி காசு இல்லை, ஒரு அன்னக்கூடை மீன். அதைத் தெருத் தெருவாக விற்றால்தான் காசு. நடு இரவிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். குடித்தால் போவதற்கு இடம் வேண்டுமே என்றார். எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது, கடலில் காணாமல் போவது. உடல் கிடைக்காவிட்டால் இறந்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ள பொதுவாக ஏழு வருடம் ஆகும். அதுவரை காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அலைச்சல். டிரைவரின் உறவுப் பெண் ஒருவர் இப்படிக் காத்திருக்கிறார். நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று அவரிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியவில்லையாம். தக்காளி வயலில் இந்தப் பயம் இல்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்வீர்கள்.

மீன் வாங்குவது பற்றி. தாராளமாக வாங்கலாம். நம் கரை மூடியிருக்கும்போது கேரளாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் சரக்கு வரும். ஜூன் தொடக்கத்தில் மேற்குக் கரையிலும் தடை தொடங்கிவிடுவதால் ஜூன் முதல் பாதிதான் ரொம்ப இறுக்கம், விலையும் அப்போதுதான் உச்சம். தூரத்து மீன் என்பதால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அவர்கள் கரையோரத்தில் பிடிக்கிற நெத்திலி, கானாங்கெளுத்தி கிடைத்தால் விடாதீர்கள். இல்லையென்றால் நம் ஏரிக் கெண்டையும் விராலும் இருக்கவே இருக்கின்றன. வஞ்சிரத்தை ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் வியாபாரியிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தடை முடிந்து முதல் சனிக்கிழமை லாரியில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறதாம். பத்தரைக்குக் கிரீன் சர்க்கிளில் நில்லுங்கள். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.