12 டாலர் டிப்ஸ் வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் குமுளிக்காரர்கள். மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அடுத்த மாதம் நானும் அவன் அப்பாவும் நெடும்பாசேரியில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் நாத்தனார் மகள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு அவனிடம் போகிறோம். அங்கே ஓட்டலில் 60 டாலருக்குச் சாப்பிட்டால் 12 டாலர் டிப்ஸ் வைக்க வேண்டுமாம். நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறதே! இதற்கு நோக்குகூலியே தேவலை என்கிறார் இவர். வைக்காமல் எழுந்து வந்தால் என்ன ஆகும்?
- ஒரு வாசகி, குமுளி

பதில்: போலீஸ் பிடிக்காது அம்மா. ஆனால் உங்களுக்குப் பரிமாறிய பெண்ணுக்கு அன்றைய கூலியில் துண்டு விழும்.

அமெரிக்காவில் டிப்ஸ் கிடைக்கிற வேலைக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும் என்கிறது மத்திய சட்டம், 1991இலிருந்து அந்தத் தொகை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மற்ற வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். நடுவில் இருக்கிற பள்ளத்தைச் சாப்பிட வருகிறவர்கள் நிரப்புவார்கள் என்று சட்டமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும். நியூ ஜெர்சியில் இதைவிடக் கூடுதலாகத் தர வேண்டும், கலிஃபோர்னியாவில் இப்படிக் குறைத்துக் கொடுக்கவே முடியாது, ஆனாலும் 15லிருந்து 20 சதவீதம் வைக்கிற பழக்கம் எங்கே போனாலும் உண்டு. நோக்குகூலி என்பது கேரளத்தில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் சுமையைத் தொடாமல் நின்று பார்த்ததற்குக் கேட்ட காசு, கேரள அரசே 2018 மே 1 முதல் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. இங்கே அந்தப் பெண் ஒரு மணி நேரம் ஓடி ஓடிப் பரிமாறியிருக்கிறாள். ஐயாவிடம் சொல்லுங்கள்.

எனக்கும் இந்த முறை பிடிக்காதுதான், கூலி கொடுக்க வேண்டியது முதலாளி, அதைச் சாப்பிட வந்தவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? ஆனால் அந்தக் கோபத்தை சப்ளையரிடம் காட்டி என்ன பயன். அதனால் மேசைக்கு வந்து பரிமாறுகிற ஓட்டலுக்குப் போனால் டிப்ஸையும் சாப்பாட்டு விலையோடு சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கை வராவிட்டால் கவுண்டரில் நீங்களே வாங்கிச் சாப்பிடுகிற கடைக்குப் போங்கள்.

அந்தக் கவுண்டரிலும் காபி வாங்கியதும் ஒரு திரையைத் திருப்பி டிப்ஸ் 18, 20, 25 சதவீதம் என்று காட்டுவார்கள், வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு வரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மேசையில் சாப்பிட்டு கார்டு கொடுத்தால் ஒரு சீட்டு திரும்பி வரும். நம்மவர்கள் அதை வெறும் ரசீது என்று நினைத்துக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அதில் டிப்ஸ் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று நீங்கள்தான் எழுத வேண்டும். வரி சேர்வதற்கு முந்தைய தொகைக்குக் கணக்குப் போட்டால் போதும். அப்புறம் இன்னொன்று, ஆறு பேர், எட்டு பேர் என்று கூட்டமாகப் போனால் சில ஓட்டல்களில் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் ஏற்றிவிடுவார்கள். பில்லில் கிராச்சுட்டி என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது டிப்ஸ்தான், இருந்தால் மேலே எதுவும் எழுத வேண்டாம். மகன் வைத்த காசு அதிகம் என்று அவனுக்குத் தெரியாமல் மேசையிலிருந்து திரும்ப எடுக்கிற வேலை மட்டும் கூடாது, செய்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள்!

சீருடையில் இருக்கிற அரசு ஆட்கள் யாருக்கும் எதுவும் நீட்டக் கூடாது. செக்போஸ்ட்டில் பார்த்த பழக்கத்தில் இமிக்ரேஷன் அதிகாரியிடம் நோட்டை நீட்டினால் அது லஞ்சக் குற்றம்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லையே இல்லை. பெரிய ஓட்டல்களில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் பில்லிலேயே வந்துவிடும். தேக்கா மாதிரி சாப்பாட்டுக் கடைகள் கூடிய இடத்தில் காசைக் கொடுத்து மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம்.

மொழி தெரியாது, நடக்க முடியாது என்று மகன் உங்களுக்கு வீல்சேர் போட்டிருப்பான், பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் போடுகிறார்கள். அமெரிக்க விமான நிலையத்தில் அது இலவசம்தான், ஆனால் தள்ளிக்கொண்டு வந்து பெட்டியையும் எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஆளுக்கு ஐந்து டாலர் கொடுப்பது வழக்கம். அதனால் டாலர் மாற்றும்போதே ஒன்று, ஐந்து நோட்டுகளாகக் கொஞ்சம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நூறு டாலர் நோட்டை நீட்டி அவரிடம் மீதி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.